பழைய காலத்து இங்கிலாந்து கால்பந்து வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

டாம் ஃபின்னி. யோசிக்காமல் சொல்வேன்.

1922-ல் வடமேற்கு இங்கிலாந்தின் பிரெஸ்டனில், ஊர் கிளப்பின் டீப்டேல் மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். அப்பா சொன்னபடி முதலில் பிளம்பர் வேலை கற்றுக்கொண்டார். 1940-ல் பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப் அவரை எடுத்தது. ஆனால் அது போர்க்காலம். எகிப்திலும் இத்தாலியிலும் டாங்க் படையில் இருந்துவிட்டு 1946-ல் முதல் லீக் ஆட்டம் ஆடும்போது வயது 24 ஆகிவிட்டது.

பிறவியில் இடது கால்காரர். ஆடியதோ பெரும்பாலும் வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்துத் தாக்குதல் இடத்தில். சின்ன வயதிலேயே வலது காலையும் விடாமல் பழக்கி வைத்திருந்ததால், எந்தப் பக்கம் வெட்டிப் போவார் என்று எதிராளிக்குப் பிடிபடாது. பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் பாருங்கள்: தடுப்பாட்டக்காரரின் முன்னால் வந்து வேகத்தைக் குறைப்பார், தோளை லேசாக உள்பக்கம் சாய்ப்பார், அந்த ஆள் எடையை மாற்றிய நொடியில் வெளிப்பக்கமாகப் போய்விடுவார். 1947-ல் லிஸ்பனில் போர்ச்சுகலை 10-0 என்று இங்கிலாந்து புரட்டியெடுத்தபோது ஸ்டான்லி மேத்யூஸ் வலது விங்கில், இவர் இடது விங்கில். பின்னாளில் நடுவில் நின்று தாக்கும் சென்டர் ஃபார்வர்டாகவும் ஆடினார். இங்கிலாந்துக்கு 76 ஆட்டங்களில் 30 கோல். பிரெஸ்டனுக்கு லீக்கில் மட்டும் 433 ஆட்டங்களில் 187 கோல்.

ஒரே கிளப்பில் கடைசிவரை இருந்ததால் அவரை விசுவாசத்தின் சின்னம் என்று எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1952-ல் இங்கிலாந்து அணியோடு இத்தாலி போயிருந்தபோது பலெர்மோ கிளப் அவரைக் கேட்டது. கையெழுத்துப் போட 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, வீடு, கார். அப்போது இங்கிலாந்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சீசனில் வாரம் 14 பவுண்டு, கோடையில் 10. போனஸை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த 10,000 மட்டுமே ஏறக்குறைய 15 வருடச் சம்பளம்! பிரெஸ்டன் தலைவர் நாட் பக் ஒரேயடியாக மறுத்துவிட்டார்: இங்கே ஆடு, இல்லாவிட்டால் எங்கும் ஆட முடியாது. அதுதான் அன்றைய விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் ஆட்டக்காரர் நகர முடியாது. ஃபின்னி ஊரை நேசித்தார், அதில் சந்தேகமே இல்லை. தன் பிளம்பிங் தொழிலையும் அங்கேயே நடத்தினார். ஆனால் போகலாமா இருக்கலாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கவில்லை. அதை மறைத்துவிட்டு விசுவாசத்தை மட்டும் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பெரிய கோப்பை எதுவும் அமையவில்லை. 1953-ல் ஆர்சனலோடு புள்ளிகள் சமமாகி, கோல் சராசரியில் (அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்கும் கணக்கு) மயிரிழையில் லீக் பட்டம் போனது. 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம் கிளப்பிடம் 3-2 தோல்வி. ஆனாலும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை (1954, 1957) வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

தொடை இடுக்குக் காயத்தால் 1960-ல் ஓய்வு. அடுத்த சீசனிலேயே பிரெஸ்டன் அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது, இன்றுவரை உச்சப் பிரிவுக்குத் திரும்ப ஏறவில்லை. சம்பள உச்சவரம்பை எடுத்தது 1961 ஜனவரியில். ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் உடனே வாரம் 100 பவுண்டு வாங்கத் தொடங்கினார். ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்ட அந்த விதி நியாயமற்றது என்று ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1963-ல்.