டேமுக்குப் போகலாமா?

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேமுக்குப் போயிருந்தோம். மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "அதோ, அந்த ஷட்டர்தான் அன்றைக்குப் பிய்த்துக்கொண்டு போனது" என்று கை காட்டினார். அதிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் வீடு ஆற்றுக்குக் கூப்பிடு தூரம். டேம் உடைந்துவிடுமா? பிள்ளைகளை இனி அங்கே கூட்டிப் போகலாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. முதல் கேள்வியை நம் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள். கரையில் கசிவு இருக்கிறதா, கல்லில் விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் கண் போகிறது. உங்களிடம் பேசிய பெரியவர் கதவைக் காட்டினார். பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

1957-இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை இது. சரியாக அறுபது ஆண்டு கழித்து, 2017 நவம்பர் 29 அன்று, எட்டு மதகுகளில் முதலாவதின் ஷட்டர் உடைந்தது. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. கிட்டத்தட்ட நிறைந்திருந்த நேரம் அது. கரை அசையவில்லை, சுவர் அசையவில்லை. இரும்புக் கதவு ஒன்று போனது, அவ்வளவுதான். ஆனால் மதகின் அடிமட்டமான 32 அடிக்கு இறங்கும் வரை தண்ணீரை யாராலும் நிறுத்த முடியவில்லை. 9,012 ஏக்கர் பாசன நிலம் நம்பியிருந்த தண்ணீர் நம் கண் முன்னே, ஆற்றில் கீழே இருக்கிற சாத்தனூர் அணைப் பக்கம் ஓடியது. அதற்குப் பிறகுதான் புதுக் கதவு போட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மீதி ஏழையும் மாற்றினார்கள். ஆகவே நீங்கள் அன்றைக்குப் பார்த்தது பழைய கதவு அல்ல. அந்த அளவுக்கு நிம்மதியாக இருங்கள்.

ஆனால் அந்த அளவுக்கு மட்டும்தான். ஒரு ஷட்டர் 40 அடி அகலம், 20 அடி உயரம். தண்ணீர் அதன் தலை வரை நின்றால், கதவின் மேல் விழும் மொத்த அழுத்தம் சுமார் 225 டன். முழுப் பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி எட்டைச் சேர்த்து வைத்த எடை. அதை இரவு பகலாகத் தாங்கி நிற்பது ஓர் இரும்புத் தகடு, அதன் பின்னால் குறுக்கே ஓடும் சில உத்தரங்கள், இரண்டு ஓரத்திலும் காடிக்குள் உருளும் சக்கரங்கள். மேலே தூக்குகிற கயிறு. அடியிலும் பக்கத்திலும் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் பட்டை. இதில் எதுவும் கல்லைப் போல ஐம்பது ஆண்டு சும்மா கிடக்காது. ரப்பர் காய்ந்து வெடிக்கும். கிரீஸ் வற்றினால் சக்கரம் இறுகும். இறுகிய சக்கரத்தோடு கதவைத் தூக்கினால் ஒரு பக்கம் ஏறும், மறு பக்கம் சிக்கும், கதவு முறுக்கிக்கொள்ளும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதைப் போன்ற வேலைதான். தள்ளிப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் தள்ளிப் போடுகிறோம்.

நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் சங்கிலி அறுந்து ஷட்டர் போனது. 2024 ஆகஸ்டில் கர்நாடகத்தின் துங்கபத்திரா அணையில் சங்கிலி அறுந்து 19-ஆம் எண் கதவே ஆற்றோடு போனது. மூன்று இடத்திலும் சுவர் நின்றது, கதவு போனது. மூன்று முறையும் கதவிலேயே அடி வாங்கிய பிறகும் "டேம் பலமாக இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம்" என்ற ஒற்றை வரியை மட்டும் நமக்குச் சொன்னால் போதாது. எந்தக் கதவுக்கு எப்போது கிரீஸ் வைத்தார்கள், ரப்பர் எப்போது மாற்றினார்கள், கதவு பழுதானால் முன்னால் இறக்கி அடைக்கிற மாற்றுத் தடுப்பு தயாராக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

நம் அணைக்கு இன்னொரு பாரமும் உண்டு. இதற்குத் தண்ணீர் தரும் தென்பெண்ணை ஆறு பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு வருகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி நிற்பதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர்தான் அடுத்து இங்கே வந்து நிற்கிறது. சாக்கடை கலந்த தண்ணீர் நல்ல தண்ணீரைவிட வேகமாக இரும்பைத் தின்னும். பிள்ளைகளை அதில் இறக்கிக் குளிக்க வைப்பதைப் பற்றித் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் கட்டாயமாக்கியிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆய்வு செய்ய வேண்டும். வெள்ளம் வந்தால் அதன் பிறகும் செய்ய வேண்டும். ஆபத்து வந்தால் எந்த ஊருக்கு யார் எப்படிச் சொல்வது என்ற அவசரகாலத் திட்டமும் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆய்வு நடந்தால் மட்டும் போதாது, அதன் முடிவு உங்களுக்கும் தெரிய வேண்டும். டேம் பூங்கா வாசலில் நுழைவுக் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கட்டும். கடைசி ஆய்வு எந்தத் தேதி, எட்டுக் கதவும் எப்படி இருக்கின்றன, இன்றைய நீர்மட்டம் எத்தனை அடி, எவ்வளவு திறந்துவிடுகிறார்கள். தமிழில், எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்தால் புரிகிற மாதிரி.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கே நான் உங்களிடமும் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

டேமில் உல்லாசமாகப் பொழுது போக்க வருகிறவர்களுக்குக் கதவு உடைவதைவிடக் கதவு திறப்பதுதான் பெரிய ஆபத்து. போன ஆடிப் பதினெட்டுக்கு நான் போயிருந்தேன். ஷட்டருக்குக் கீழே பாறைகளில் பச்சைப் பாசி. ஒருவர் மூன்று வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, செருப்புக் காலோடு ஒவ்வொரு கல்லாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். காவலர் விசில் ஊதினார். திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் ஒரு கல் தாண்டினார். கால் வழுக்கி முட்டி தரையில் பட்டது. குழந்தை வீறிட்ட பிறகுதான் திரும்பினார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

பத்திரிகையில் "வினாடிக்கு ஆயிரம் கன அடி திறப்பு" என்று படிக்கிறோம், பெரிதாகத் தெரிவதில்லை. ஆயிரம் கன அடி என்பது ஒவ்வொரு வினாடிக்கும் 28 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை ஒரே வினாடியில் உங்கள் மேல் கவிழ்த்துவிட்டு, அடுத்த வினாடியில் இன்னும் இரண்டைக் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குப் போகும் தரைப்பாலம் மூழ்குவதற்கு ஆற்றில் பெரிய வெள்ளம் வர வேண்டியதில்லை. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும். கயிறு கட்டி மறித்த பிறகும் "அந்தப் பக்கம் போய்ட்டு வந்துடலாம்" என்று தாண்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மழை உங்கள் ஊரில் பெய்தால்தான் வெள்ளம் என்றும் இல்லை. மேலே கர்நாடகத்தில் பெய்தால் போதும், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அதை நாம் மறந்திருக்க முடியாது. அப்போது சாத்தனூரில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். ஆற்றங்கரையில் வீடு வைத்திருக்கிற நீங்கள் தண்டோரா சத்தத்தையும் ஒலிபெருக்கி அறிவிப்பையும் "வழக்கமாகச் சொல்வதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அது உங்கள் டேம், நம் முன்னோர் வேர்வை சிந்திக் கட்டியது. கிளம்புவதற்கு முன் அன்றைய செய்தியில் நீர்வரத்தைப் பாருங்கள். திறந்திருந்தால் தரைப்பாலம் வேண்டாம், இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு, மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மூடியிருந்தாலும் ஷட்டருக்குக் கீழே பாறைக்கு இறங்க வேண்டாம்.

அப்புறம், அந்தப் பலகை. அதைக் கேட்டு நான் மனு எழுதப் போகிறேன். உங்கள் தெருவிலிருந்து எத்தனை கையெழுத்து வாங்கி அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள்.