எம்.ஏ. பரதநாட்டியம் 53%, நெட் தேர்ச்சி: உதவிப் பேராசிரியர் விண்ணப்பம் ஏன் தள்ளுபடி?

53% போதும், நீங்கள் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்பதால். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி முதுகலையில் 55% வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவு) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5% தளர்வு உண்டு; அதாவது 50% போதும். மதிப்பெண் அதற்கும் குறைந்தால், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி மட்டும் அதைச் சரிக்கட்டாது.

நீங்கள் விண்ணப்பித்தது மத்தியப் பல்கலைக்கழகம். அநேகமாகச் சான்றிதழில்தான் சிக்கல். நம் ஊர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள். மத்திய அரசு படிவத்தில், 'கிரீமி லேயரில் இல்லை' என்று தாசில்தார் தந்த ஓபிசி சான்றிதழ் வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

1. பதிவேற்றிய பிடிஎஃப்பைத் திறந்து தலைப்பையும் வழங்கிய தேதியையும் பாருங்கள். பழைய நிதியாண்டுச் சான்றிதழைப் பல இடங்களில் ஒதுக்கிவிடுவார்கள்.
2. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது.

அப்புறம், அந்த 53%-இல் கருணை மதிப்பெண் சேர்ந்திருந்தால் அதைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். கழித்த பிறகும் 50% வருகிறதா?

நெட் இல்லாமல் கலைஞர் என்ற தகுதியில் நுழையும் வழியும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் அதற்கு வானொலி அல்லது தூர்தர்ஷன் 'ஏ' கிரேடு கேட்பார்கள். அரங்கேற்றப் புகைப்படங்கள் உதவாது.