பேரம் பேசும்போது எதிர்த்தரப்பின் மீதுள்ள அக்கறை முடிவை எவ்வாறு மாற்றுகிறது?

இங்கே அக்கறை என்பது, நமது தேவையோடு எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை, அது ஏன் தேவை என்பதையும் பொருட்படுத்துவதாகும். டீன் புரூட், ஜெஃப்ரி ரூபின் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1986இல் இதை விளக்கினர்: தன்னலம் மட்டும் வலுவாக இருந்தால் மனிதர் மோதுகிறார், பிறர்நலம் மட்டும் இருந்தால் பணிந்துவிடுகிறார், இரண்டும் வலுவாக இருக்கும்போதே புதிய தீர்வைத் தேடுகிறார்.

காரணம், அக்கறையுள்ளவர் கேள்வி கேட்கிறார் என்பதுதான். கேட்டால்தான், இருவருக்கும் எல்லாமே ஒரே அளவு முக்கியமில்லை என்பது வெளிப்படும்.

திருகோணமலைக் கரையில் படகுக்காரர் ஒருவரும் மீன் வியாபாரி ஒருவரும் கிலோவுக்குப் பத்து ரூபாய்க்காக இழுபறிப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே. ஆனால், வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகுக்காரரின் வீட்டில் பணம் இராது என்பதை வியாபாரியும், மீன் தொடர்ந்து கிடைக்காவிட்டால் வியாபாரியின் லொறி பாதி வெறுமையாகவே புறப்படும் என்பதைப் படகுக்காரரும் கேட்டறிந்தால், மாரியில் முற்பணம், கடல் அமைதியான காலத்தில் பிடிபடும் மீனுக்கு முதலுரிமை என்றோர் ஏற்பாடு பிறக்கலாம். விலையை மட்டும் பற்றி நின்றிருந்தால் இது இருவருக்குமே தோன்றியிராது.

அக்கறை என்றால் விட்டுக்கொடுப்பது என்று பலர் எண்ணுகின்றனர். இதைத் திருத்துவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் 1983இல் வெளியான ஓர் ஆய்வில் காதலர்கள், ஒருவரையொருவர் நோகடிக்கத் தயங்கித் தம் எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொண்டதால், அந்நியர்களைவிடக் குறைந்த கூட்டுப் பயனையே அடைந்தனர்.