கூடையில் போடுறாங்க, பணம் கட்ட மாட்டேங்கிறாங்க: காரைக்குடி பலகாரத் தளத்துக்கு
உங்க பலகார இணையதளத்தில் கூடையில் போட்டவங்க பணம் கட்டாம போறாங்கன்னு விளம்பரத்தை மாத்தாதீங்க. 100 பேர் கூடையில் போட்டு 6 பேர்தான் பணம் கட்டுறாங்கன்னா, ஓட்டை செக்அவுட்டில், அதாவது முகவரி கொடுத்து பணம் கட்டுற பக்கங்களில். பெரும்பாலும் கூரியர் கட்டணம்தான்: கால் கிலோ மாவுருண்டைக்கு, முகவரியெல்லாம் அடிச்ச பிறகு 90 ரூபாய் முளைச்சா யார் வாங்குவா? பொருள் பக்கத்திலேயே பின்கோடு வாங்கி, கூரியர் கட்டணத்தைக் காட்டிடுங்க.

முதல்ல ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸ் 4) ஃபனலை, அதாவது எந்தப் படியில் எத்தனை பேர் விலகுறாங்கன்னு காட்டுற அறிக்கையை, மொபைலுக்கு மட்டும் தனியா எடுங்க. ஷிப்பிங் படியில் எண்ணிக்கை சரிஞ்சா, மேலே சொன்ன கூரியர் கட்டணம்தான் காரணம்.

பேமெண்ட் படிக்கு அப்புறம் சரிஞ்சா, ஜிஏ4-ல் இருக்கிற ஆர்டர் எண்ணிக்கையை, பேமெண்ட் கேட்வே (பணம் வாங்கித் தர்ற சேவை) டாஷ்போர்டில் வெற்றியான பேமெண்ட் எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. யுபிஐ ஆப்பில் கட்டிட்டு உங்க தளத்துக்குத் திரும்பாமலே மூடிட்டா ஜிஏ4-ல் பர்ச்சேஸ் (வாங்கினதுக்கான பதிவு) பதிவாகாது. காசு வந்திருக்கும், கணக்கில் இருக்காது. வெப்ஹுக் வழியா, அதாவது பணம் வந்ததும் கேட்வே உங்க சர்வருக்கு நேரடியா அனுப்புற தகவலை வச்சு, பதியணும்.

அவசரப்பட்டு எல்லாத்துக்கும் இலவச டெலிவரி போட்டுடாதீங்க. ஒத்தைப் பாக்கெட் ஆர்டரில் லாபமே கூரியருக்குப் போயிடும். சீப்பு சீடை, தேன்குழல்னு சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல வாங்கினா மட்டும் கொடுங்க.