வாசகர் கேள்வி – பதில்: ரத்தப் பையில் பெயர் இல்லை

கேள்வி: மனிதர் அனைவரும் ஒன்று என்று 30 ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது நாளிதழைப் பிரித்தாலே நிறத்தையும் மதத்தையும் மொழியையும் காரணம் காட்டி ஒருவரையொருவர் வெறுக்கும் செய்திகள்தாம் கண்ணில் படுகின்றன. நான் சொல்லிக்கொடுத்தது உண்மைதானா, அல்லது நல்லெண்ணத்தில் பிறந்த கற்பனையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: உண்மைதான், ஐயா. ஓர் இரவு அதை நான் கண்ணாரக் கண்டேன். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த என் அக்காவுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கூடப்பிறந்தவன் நான் இருக்கிறேனே என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன். அவருடையது ஓ பிரிவு, என்னுடையது ஏ பிரிவு. என் ரத்தம் உடலில் ஏறினால் அவர் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ரத்த வங்கியிலிருந்து ஒரு பை வந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் ஓர் எண்ணும், ரத்தப் பிரிவும், எடுத்த நாளும், காலாவதி நாளும் இருந்தன. கொடுத்தவரின் பெயர் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த என்னால் கொடுக்க முடியாததை, எந்த நிறத்தவர், எந்தச் சமயத்தவர் என்று எங்களுக்குத் தெரியாத ஒருவர் கொடுத்திருந்தார். சொட்டுச் சொட்டாக அந்தப் பை காலியாகும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

1901-ஆம் ஆண்டில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் என்னும் ஆஸ்திரிய மருத்துவ ஆய்வாளர் தம்முடைய ரத்தத்தையும் உடன் பணியாற்றியவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவருடைய சிவப்பணுக்களை மற்றவருடைய ரத்த நீரில் கலந்து பார்த்து, சில கலவைகள் திட்டுத்திட்டாகத் திரள்வதையும் சில திரளாமல் இருப்பதையும் கொண்டுதான் இந்தப் பிரிவுகளைக் கண்டறிந்தார். விகிதம் இடத்துக்கு இடம் மாறினாலும், ஏறக்குறைய எல்லா மக்களிடையேயும் இப்பிரிவுகள் கலந்தே கிடக்கின்றன. நாம் போட்டுவைத்திருக்கும் எந்த எல்லைக்கோட்டையும் அவை மதிப்பதில்லை. ரிச்சர்ட் லெவோன்டின் என்னும் மரபியலாளர் 1972-இல் இத்தகைய ரத்தப் பிரிவுகளையும் புரதங்களையும் உலகின் பல மக்களிடையே ஒப்பிட்டபோது, மனிதர்களுக்கு இடையிலான மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் கண்டார். மரபணுக்கள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒருவருடைய முன்னோர் வாழ்ந்த நிலப்பகுதியை ஓரளவு கணிக்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், தோலைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர் நினைப்பதைவிட, ஒரு மக்கள் கூட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. தாங்கள் மாணவர்களுக்குப் பொய் சொல்லவில்லை.

கேள்வி: உடல் ஒன்றாக இருக்கலாம். கொல்ல வந்த எதிரியிடம்கூட மனிதநேயம் காட்ட முடியும் என்பது நடக்கிற காரியமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நடந்திருக்கிறது. 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் ஆஸ்திரியப் படையும், பிரான்ஸ், சார்டினியா ஆகியவற்றின் கூட்டுப் படையும் மோதின. ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டார்கள் அல்லது காயமுற்றார்கள். அருகிலிருந்த காஸ்திலியோனே என்ற சிற்றூரின் தேவாலயங்களும் வீடுகளும் தெருக்களும் காயம்பட்டவர்களால் நிரம்பி வழிந்தன. வணிக வேலையாக அந்தப் பக்கம் வந்த ஹென்றி டியூனான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், வந்த வேலையை மறந்து அங்கேயே தங்கிவிட்டார். மருத்துவம் படித்தவர் அல்லர் அவர். தம் வண்டிக்காரரைப் பக்கத்து நகருக்கு அனுப்பி எலுமிச்சை, சர்க்கரை, சட்டைகள், கட்டுத் துணி, புகையிலை ஆகியவற்றை வாங்கிவரச் செய்தார். அவ்வூர்ப் பெண்கள் தங்கள் மண்ணை மிதித்த ஆஸ்திரிய வீரனின் புண்ணையும் அதே கையால் கழுவினார்கள். அவனுக்கும் அதே குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் சகோதரர்களே என்று அப்போது அவர்கள் சொன்ன சொல் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இரக்கம் கண நேரத்தில் வந்து கண நேரத்தில் போய்விடும் என்பதை டியூனான் நன்றாக அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். அதனால்தான் அதைச் சட்டமாக்க ஊர் ஊராக அலைந்தார். அவரது முயற்சியால் 1863-இல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட குழு ஜெனீவாவில் உருவானது. காயமுற்ற வீரர் எந்த நாட்டவராயினும் அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற உடன்படிக்கையில் 1864-இல் 12 நாடுகள் கையெழுத்திட்டன. அது பலமுறை மீறப்பட்டிருக்கிறது, இன்றும் மீறப்படுகிறது. ஆயினும் அதை மீறுவது குற்றம் என்று உலகம் சுட்டிக்காட்ட ஓர் ஏடு இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அந்தச் சிற்றூர்ப் பெண்கள் ஏந்திய தண்ணீர்க் குவளைதான்.

கேள்வி: எல்லோரும் ஒன்று என்றால் அவரவர் மொழியும் வழிபாடும் கரைந்துபோக வேண்டுமா? (வாசகர் ஒருவர்)

பதில்: வேண்டியதில்லை. எந்தக் குழந்தையை எந்த மொழி பேசும் வீட்டில் வளர்த்தாலும் அது அந்த மொழியையே தன் மொழியாகப் பேசும். மொழிகள் பலவாக இருப்பதற்கு வேர், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான அந்த ஆற்றல்தான்.

கேள்வி: 11 வயதான என் மகன், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த வேற்றுமொழிச் சிறுவனின் பெயரையும் உச்சரிப்பையும் கேலி செய்கிறான். கண்டித்தும் பயனில்லை. நான் என்ன செய்வது? (தாய் ஒருவர்)

பதில்: கண்டித்தது சரிதான், அம்மா, ஆனால் அறிவுரையால் மட்டும் இது மாறாது. கார்டன் ஆல்போர்ட் என்னும் உளவியலாளர் 1954-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேறுபட்ட இரு தரப்பார் சமமான நிலையில், பொதுவான குறிக்கோளுக்காக, ஒத்துழைத்து உழைத்து, பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவும் அதற்குக் கிடைத்தால் காழ்ப்பு குறையும் என்றார் அவர். பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதற்கு வலுச் சேர்த்திருக்கின்றன. வெறுமனே பக்கத்தில் உட்காரவைத்தால் போதாது. வகுப்பாசிரியரைச் சந்தித்து, இருவரும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற ஏதாவது ஒரு வேலையை அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதில் ஒருவன் தலைவன், மற்றவன் உதவியாள் என்ற பிரிவு மட்டும் வேண்டாம்.

அதற்கு முன்பாக, அந்தச் சிறுவனின் பெயரைச் சரியாகச் சொல்ல நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளி வாசலில் அவனுடைய தாயைச் சந்தித்துக் கேளுங்கள்; தவறாகச் சொன்னால் திருத்தச் சொல்லி, மறுபடி சொல்லிப் பாருங்கள். அப்போது உங்கள் மகன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும்.