இரண்டு இளைஞர்கள் நிற்கும் வெள்ளிக் காசு: விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: கோவைப் பக்கம் எங்கள் பழைய வீட்டுப் பெட்டியில் கறுத்துப்போன வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய தலை. மறுபக்கம் இரண்டு பேர், நடுவில் கேடயங்கள். இது அசல்தானா? சுத்தம் செய்து விற்கலாமா?

பதில்: முதலில், தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு, வெள்ளியின் மேல் படிந்த சல்ஃபைடு. அதைச் சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும், விலையும் இறங்கும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறவையுங்கள், போதும்.

நீங்கள் சொல்வது ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு போலத் தெரிகிறது. கோவை வட்டாரப் புதையல்களில் இதுவும் அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸின் காசும்தான் அதிகம் வருகின்றன. காசில் நிற்கும் இரண்டு பேரும் அகஸ்டஸ் தத்தெடுத்த பேரப்பிள்ளைகள் காயுஸ், லூசியஸ். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. அரியணை என்ற சொல்லையே அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். எனவே ‘எனக்குப் பிறகு இவர்கள்’ என்பதை வாயால் சொல்லாமல் காசில் சொன்னார். ரோமின் உயர்குடிகளில் ஒன்றான குதிரைவீரர் வகுப்பு இருவரையும் ‘இளையோர் தலைவர்’ என்று அழைத்து வெள்ளிக் கேடயமும் ஈட்டியும் பரிசளித்தது. நடுவில் இருப்பவை அவையே. மேலே உள்ள அகப்பை காயுஸின் பூசாரிப் பதவிக்கும், வளைந்த கோல் லூசியஸின் நிமித்திகர் பதவிக்கும் அடையாளம். தலையைச் சுற்றியுள்ள ‘தேசத்தந்தை’ பட்டம் கி.மு. 2-இல் கிடைத்தது, அதனால் காசு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கி.பி. 2-இல் லூசியஸும் 4-இல் காயுஸும் இறந்தார்கள். திட்டம் கவிழ்ந்தது, காசு மட்டும் கடல் தாண்டி வந்துவிட்டது.

அசலா என்பதற்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். எடை சுமார் 3.6 முதல் 3.9 கிராம், குறுக்களவு 18–19 மில்லிமீட்டர் இருக்கலாம். பிறகு தராசில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி முழுக அமிழ்த்துங்கள். தராசு காட்டுவது காசு விலக்கும் நீரின் எடை. 3.80 கிராம் காசுக்கு 0.36–0.37 கிராம் காட்டினால் நல்ல வெள்ளி. 0.40-க்கு மேல் போனால் வெள்ளிப் பூச்சுக்குள் செம்பு இருக்கலாம். காசு அடியிலோ பக்கத்திலோ தொட்டாலும், குமிழி ஒட்டினாலும் கணக்குத் தவறும். ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 10 மடங்கு லென்ஸில் பரப்பு முழுக்கச் சிறு குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு கோடு தெரிந்தால் அச்சில் வார்த்த நவீனப் போலி.

எழுத்துகள் வெறும் கோடுகளாகக் குழம்பியிருந்தால் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். லத்தீன் தெரியாத கைகள் அன்றே இந்தியாவில் அடித்த நகல்களும் உண்டு. அவையும் பழங்காசுகள்தாம், ஆய்வாளர்கள் அவற்றை விரும்பித் தேடுகிறார்கள்.

விற்பதற்கு முன், அது பெட்டிக்கு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு தொல்பொருள் என்பதால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு இணைய ஏலத்தில் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதுவரை பிவிசி உறையில் வைக்காதீர்கள், பச்சைப் பிசின் படியும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் இன்னும் கறுக்கவைக்கும். அமிலமில்லாத காகித உறை நல்லது.