ஒரு பேஸ்பால் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரரை விடாமல் வைத்துக்கொள்ள எவ்வளவு கொடுக்கலாம்?

"ஊருக்கே செல்லப்பிள்ளை, கேட்டதைக் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று இந்தக் கேள்விக்குப் பலர் பதில் சொல்வார்கள். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகை முழுக்க உத்தரவாதமானது. ஆட்டம் விழுந்தாலும், தோள்பட்டை போனாலும், அணியை விட்டே நீக்கினாலும் கடைசி டாலர் வரை கொடுத்தாக வேண்டும். அதனால் இதுவரை அடித்ததற்கு விலை கிடையாது, இனி அடிக்கப்போவதற்குத்தான் விலை.

அந்த விலையைப் போடும் அலகு 'வார்' (WAR). குறைந்தபட்சச் சம்பளத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு மாற்று ஆளை நிறுத்துவதைவிட, இவரால் அணிக்கு ஆண்டுக்கு எத்தனை வெற்றி கூடுதல் என்பதே அது. முழுக்க அப்படிப்பட்ட மாற்று ஆட்களைக் கொண்டு ஆடினால் 162 ஆட்டத்தில் சுமார் 48 வெற்றி வரும் என்பது அடிப்படைக் கணக்கு. ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் பேசிச் சேரலாம் என்ற நிலையில் உள்ள ஆட்டக்காரர்) சந்தையில் ஒரு கூடுதல் வெற்றிக்குச் சுமார் 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். சிலர் இன்னும் கொஞ்சம் ஏற்றியும் போடுவார்கள்.

30 வயது நட்சத்திரம் ஒருவர், இப்போது ஆண்டுக்கு 6 வெற்றி தருபவர் என்று வைப்போம். முப்பதுக்கு மேல் ஆண்டுக்கு அரை வெற்றி வீதம் இறங்கும் என்பது பொது விதி. ஏழு ஆண்டுக்குக் கூட்டினால் 6, 5.5, 5 என இறங்கி 3 வரை, மொத்தம் 31.5 வெற்றி, அதாவது 25.2 கோடி டாலர். பத்து ஆண்டு கேட்கிறார் என்றால் கடைசி மூன்றாண்டில் வருவது 6 வெற்றிதான். அதற்கு 4.8 கோடி சேர்த்தால் 30 கோடி. ஏழாண்டுச் சராசரியை அப்படியே பத்தால் பெருக்குவதுதான் பெரிய ஒப்பந்தங்கள் கெடும் முதல் இடம்.

வெற்றியின் சந்தை விலை ஆண்டுதோறும் ஏறும், எதிர்காலத்தில் கொடுக்கும் பணத்தின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கும். இரண்டையும் ஒரே வேகம் என்று வைத்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், அதனால்தான் மேலே 80 லட்சத்தை மாற்றாமல் விட்டேன். ஆட்டக்காரருக்காகப் பேரம் பேசும் ஏஜென்ட் நீட்டும் தாளில் பெரும்பாலும் விலை ஏற்றம் மட்டும் இருக்கும், பணத்தின் இறக்கம் இருக்காது. மேலே வந்த 30 கோடி இன்றைய மதிப்பு. 4 சதவீத வட்டிக் கணக்கில், பத்தாண்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஒப்பந்தத்தில் சுமார் 35.5 கோடி என்று எழுதலாம். ஏழாண்டு என்றால் 28 கோடி. ஆண்டுக்குப் பார்த்தால் முதலாவது 3.55 கோடி, இரண்டாவது 4 கோடி. அணியின் மொத்தச் சம்பளம் லீக் வைத்த எல்லையைத் தாண்டினால் கட்டும் வரியான லக்சுரி டேக்ஸ், ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. முப்பத்தொன்பது நாற்பது வயதுவரை ஒப்பந்தங்கள் இழுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த அரை வெற்றி இறக்கம் வெறும் சராசரி. பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2013இல் 53 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே அடிப்பது), 2015இல் 47. 2016 ஜனவரியில் ஏழாண்டுக்கு 16.1 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். அவ்வளவு தர வேறு யாரும் முன்வராத நிலையில் அணி தன்னோடு தானே ஏலம் கேட்டது என்ற பேச்சு அன்றே இருந்தது. 2018இல் அவருடைய பேட்டிங் சராசரி (அடிக்க வந்த முறைகளில் ஹிட் ஆன பங்கு) .168. அடுத்த சீசன் தொடக்கம் வரை நீண்ட ஒரு வறட்சியில் 54 முறை தொடர்ந்து ஹிட்டே இல்லை. பவர் ஒன்றை மட்டும் நம்பி ஆடுபவருக்கு மட்டை வேகம் கொஞ்சம் குறைந்தாலே எல்லாம் போய்விடும். ஃபீல்டிங்கும் ஓட்டமும் உள்ளவர் ஒன்று குறைந்தாலும் இன்னொன்றால் தாக்குப்பிடிப்பார். டேவிஸ் 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஒத்திவைத்த 4.2 கோடி 2037 வரை போய்க்கொண்டிருக்கும்.

பிட்சர் (பந்து எறிபவர்) என்றால் கணக்கை இன்னும் இறுக்க வேண்டும். 2019இல் உலகத் தொடர் வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு இரண்டு நட்சத்திரங்கள். பிட்சர் ஸ்ட்ராஸ்பர்க்கை ஏழாண்டு, 24.5 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் பேஸில் நிற்கும் ரெண்டனை விட்டார்கள், ஏஞ்சல்ஸ் அணி அவரை அதே ஏழாண்டு, அதே 24.5 கோடிக்கு எடுத்தது. ஸ்ட்ராஸ்பர்க் அதன்பின் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டம். ரெண்டன் ஏஞ்சல்ஸில் எந்தச் சீசனிலும் 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. யாரை வைத்திருந்தாலும் அடிதான். ஆகவே 30 கோடி என்று வந்தால் அதையே கொடுப்பது சரியல்ல. அதை உச்சவரம்பாக வைத்து, கீழே தொடங்க வேண்டும்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. முதல் மூன்று ஆண்டு பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும், 2025இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன், அதாவது உடன்பாடு வராவிட்டால் நடுவர் சம்பளத்தை முடிவுசெய்வார். ஆறு ஆண்டு முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட். சேமிப்பு எல்லாம் இந்த ஆறு ஆண்டுக்குள்தான். 2019இல் அட்லாண்டா பிரேவ்ஸ் 21 வயது அகுன்யாவுக்கு எட்டாண்டுக்கு 10 கோடி கொடுத்தது. மேலும் இரண்டு ஆண்டுக்குத் தலா 1.7 கோடியில் வைத்துக்கொள்ளும் உரிமையும் அணிக்கே. 2023இல் அவர் 41 ஹோம் ரன், 73 ஸ்டோலன் பேஸ் (பந்து எறியும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), எம்.வி.பி. (ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது). நடுவில் இரண்டு முறை முழங்கால் தசைநார் கிழிந்தும் அணிக்கு இது லாபக் கணக்குதான். நியூயார்க் யாங்கீஸ் இதற்கு எதிர்ப்பக்கம். 2022 ஏப்ரலில் தங்கள் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜுக்கு ஏழாண்டு, 21.35 கோடி என்றார்கள், அவர் மறுத்தார். அந்த ஆண்டே 62 ஹோம் ரன் அடித்தார். டிசம்பரில் ஒன்பதாண்டுக்கு 36 கோடி. அவர் அதற்குப் பிறகும் எம்.வி.பி. வாங்கிக்கொண்டிருப்பதால் யாங்கீஸ் தப்பித்தது.

'சீக்கிரம் முடித்துவிடு' என்ற அறிவுரை இளையவர்களுக்கு மட்டும். டெட்ராய்ட் டைகர்ஸ் 2014இல் கப்ரேராவுக்கு 31 ஆகப்போகும்போது, இருந்த ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மீதி இருக்கும்போதே மேலும் எட்டாண்டு, 24.8 கோடி சேர்த்தது. புதிய ஒப்பந்தம் 2016இல்தான் ஆரம்பம். அந்த ஓராண்டு நன்றாக ஆடினார். 2017இல் சராசரி .249, அதன்பின் பழைய ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் கையில் புதிய மருத்துவ அறிக்கையாவது இருந்திருக்கும்.

அணி எங்கே நிற்கிறது என்பதும் விலையை மாற்றும். 68 வெற்றி அணியை 73 ஆக்கும் ஐந்து வெற்றிக்கும் 85ஐ 90 ஆக்கும் ஐந்து வெற்றிக்கும் ஒரே விலை இல்லை. இரண்டாவதுதான் பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்கு) கொண்டுபோகும், அதற்கு 80 லட்சத்துக்கு மேலும் கொடுக்கலாம். லக்சுரி டேக்ஸ் எல்லை 2026க்கு 24.4 கோடி. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக மீறி, எல்லையை 6 கோடிக்கு மேல் தாண்டிய அணி, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்டும். அந்த இடத்தில் 3 கோடி ஆட்டக்காரர் 6.3 கோடிக்கு வந்து நிற்பார்.

'ஜெர்சி விற்றே எடுத்துவிடலாம்' என்பதை நம்பாதீர்கள். லீக் உரிமத்தில் விற்கும் பொருட்களின் வருமானம் 30 அணிக்கும் பங்கு பிரியும், தன் சொந்தக் கடையில் விற்பதில்தான் அணிக்குத் தனி லாபம். ஜப்பானிய நட்சத்திரம் ஒடானியோடு டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த ஜப்பானிய விளம்பரதாரர்கள் வேறு கதை, அது எல்லா நட்சத்திரத்துக்கும் நடக்காது. ஒடானியின் 70 கோடி ஒப்பந்தமும் பார்வைக்குத்தான் 70. அதில் 68 கோடி வட்டியில்லாமல் 2034 முதல் 2043 வரை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வரிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடிதான்.

தொகைக்கு வெளியே இரண்டு ஷரத்துகளுக்கு விலை போட மறக்கக்கூடாது. ஒன்று ஆப்ட் அவுட். நன்றாக ஆடினால் நடுவில் போய்விடுவார், மோசமாக ஆடினால் நம்மிடமே இருப்பார். இதைக் கொடுத்தால் தொகையைக் குறைக்க வேண்டும். இன்னொன்று ஒப்பந்தத்தில் எழுதாமலே வருவது: லீக்கில் பத்து ஆண்டு, கடைசி ஐந்து ஒரே அணியில் என்று ஆகிவிட்டால் அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்ய (வேறு அணிக்கு மாற்ற) முடியாது. தன் வீட்டு நட்சத்திரத்தைத் தக்கவைக்கும் அணிதான் இதில் அதிகம் மாட்டும்.

உச்சவரம்பைத் தாண்டிக் கேட்கிறார் என்றால் காலம் கடத்தக் கூடாது. ஹுவான் சோட்டோ 2022இல் நேஷனல்ஸின் பதினைந்தாண்டு, 44 கோடியை மறுத்தார். ஒப்பந்த உரிமை இரண்டரை சீசன் மீதி இருந்தபோதே அவரை சான் டியேகோ அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்களில் ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் பிறகு ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். சோட்டோவை 2024 டிசம்பரில் மெட்ஸ் 76.5 கோடிக்கு எடுத்தது. கடைசி நாள் வரை வைத்திருந்து அவர் ஃப்ரீ ஏஜென்டாகப் போயிருந்தால், நேஷனல்ஸுக்கு மிஞ்சியிருக்கக்கூடியது குவாலிஃபையிங் ஆஃபரை (அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தம்) அவர் மறுத்தால் ஈடாக வரும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பு (புது இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) மட்டுமே.